குவைத் குசினியில் படித்த பாஷை

போன வருடம், பெரும்போக நெல் வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். அக்கரைப்பற்றில் என் தங்கையின் மகளுக்குக் குழந்தை கிடைத்திருந்தது. போய்ப் பார்த்துவிட்டு, காலை பத்து மணி போலக் கல்முனை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு எருமைத் தயிர்ச் சட்டி. தங்கை ஆசையாகக் கட்டித் தந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கலியாண வீட்டில் உட்கார்ந்தாலும் சரி, தபாற்கந்தோர் வரிசையில் நின்றாலும் சரி, பக்கத்தில் இருப்பவரின் பூர்வீகத்தை விசாரித்து முடித்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு அசைவேன். "உன்ட வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அவர் சொல்வதில் பிழையும் இல்லை.

எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். வலக்கையைச் சிவப்புத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார். மனைவி தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவரிடம் நீட்டி மெதுவாக ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல் என் காதில் விழுந்தது. "நீள்ளு."

தண்ணீர்! தெலுங்கு!

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குவைத்தில் எட்டு வருடம் ஒரே வீட்டில் வேலை செய்தேன். அந்தக் குசினியில் எனக்குக் கூட்டு, ஆந்திராவைச் சேர்ந்த ஒருத்தி. அவளுக்குத் தமிழ் வராது, எனக்குத் தெலுங்கு வராது, இரண்டு பேருக்கும் அரபு அரைகுறை. ஆனால் வெங்காயம் உரிக்கவேண்டும், வீட்டு எஜமானியைத் திட்டவேண்டும், பிள்ளைகளை நினைத்து அழவேண்டும். பாஷை இல்லாமல் இதெல்லாம் நடக்குமா? ஒரு வருடத்துக்குள் நான் தெலுங்கில் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பி ஆறு வருடம். போனில் அவளைத் தவிர, அந்தப் பாஷையில் ஒரு சொல்லைக்கூட யாரும் என்னிடம் பேசியதில்லை. கல்முனையில் அதைப் பேச யார் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது, நிந்தவூர் வயல்களுக்கு நடுவே, எனக்கு ஒரு முழம் தூரத்தில் அந்தப் பாஷை! எனக்குத் தலைகால் புரியவில்லை. இழுப்பு கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. சில சொற்கள் பிடிபடவே இல்லை. ஆனாலும் அதுதான், அதேதான். தயிர்ச் சட்டியோடு முன்னால் சரிந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒட்டுக்கேட்பது பாவம் என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

மனைவி அழுகிற குரலில் ஏதோ கெஞ்சினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "செப்பொத்து" என்றார். சொல்லாதே என்று அர்த்தம். பிறகு அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. பாம்பு கடித்தது என்று டொக்டரிடம் சொல்லாதே, ஆணி குத்தியது என்று சொல்.

"பாமு கரிச்சிந்தி." பாம்பு கடித்தது. கேட்க நம்முடைய சொல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் குசுகுசுப்பில், அந்த வேகத்தில் பஸ்ஸில் வேறு யாருக்கும் பிடிபட்டிருக்காது. இந்த இரண்டு சொல்லையும் நான் வெங்காயம் உரிக்கும்போது படிக்கவில்லை. வேறு விதமாகப் படித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மனிதரைப் பாம்பு கடித்திருக்கிறது. அதை மறைக்கப் போகிறார். மறைத்தால் டொக்டர் காயத்துக்கு மருந்து கட்டி அனுப்பிவிடுவார். வீட்டுக்குப் போய் இவர் செத்துப்போவார். பஸ் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

புத்தியுள்ளவர்கள் மெல்லத் தோளைத் தட்டியிருப்பார்கள். நான் எழும்பி நின்று, தெலுங்கில், என் முழுக் குரலையும் எடுத்துக் கேட்டேன். "பாமா? ஏ பாமு?"

என்ன பாம்பு என்றுதான் கேட்டேன். பின்னாலிருந்து ஒருவர் "பாம்பாம்!" என்றார். அவ்வளவுதான். கீழே இருந்த கால்கள் எல்லாம் சீட்டுக்கு மேல் ஏறின. ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு "பஸ்ஸுக்குள்ள பாம்பு! நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்று அலறினாள். ட்ரைவர் காரைதீவுச் சந்தியில் போட்டார் ஒரு பிரேக். ஆட்கள் முட்டி மோதி இறங்க, கொண்டக்டர் சீட்டுக்கு அடியில் குனிந்து தேட, நான் "பாம்பு இல்ல, பாம்பு இல்ல" என்று கத்த, ஒரே களேபரம். அதற்குள் முன் சீட்டைப் பார்த்தேன். காலி.

ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த மனிதரை நான்தான் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

தயிர்ச் சட்டியைக் கொண்டக்டரின் கையில் திணித்தேன்.

"என்ன ராத்தா இது? இதுக்குள்ளயா பாம்பு?"

"தயிர் மனே, தயிர்! வெச்சிருங்க!" என்று சொல்லிவிட்டு அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

சந்தியில் அங்கும் இங்கும் ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், அக்கரைப்பற்றுக்குத் திரும்பும் பஸ்கள் நிற்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள். ஆமாம், திரும்பிப் போகப் போகிறார்கள். அவர் மதகுக் கட்டில் உட்கார்ந்து துப்பினார். சிவப்பாக விழுந்தது. வெற்றிலை என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் வாயில் வெற்றிலை இல்லை. பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, ஓடாதீங்க. நான் ஒண்டும் செய்யமாட்டன். ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்க."

"நீங்க ஆரு? எங்களோட என்னத்துக்குக் கதைக்கிறீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் கதைச்சது எனக்கு விளங்கினது."

"நாங்க ஒண்டும் கதைக்கல்ல" என்றாள் அவள். "எங்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வேற பாஷை ஒண்டும் தெரியாது."

தன்னுடைய பாஷையைத் தெரியாது என்று ஒருவர் சொல்வதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வேறு வழி தெரியாமல் என் குசினித் தெலுங்கை எடுத்துவிட்டேன். "பயப்படாதே. நான் குவைத்தில் வெங்காயம் உரித்து உரித்து இந்தப் பாஷையைப் படித்தவள். எஜமானியைத் திட்ட இதில் எனக்கு நன்றாக வரும். நல்ல வார்த்தை சொல்லத்தான் கொஞ்சம் தடுமாறும்." அந்த வேதனையிலும் அவருடைய வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது. பற்களில் இரத்தம்.

அவர் தங்கள் பாஷையில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். டொக்டரிடம் நீ சொல்லுவாயா?

சொல்லுவேன் என்றால் அவர் அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார். அது அவருடைய கண்ணில் தெரிந்தது. எப்படியாவது ஓட்டோவில் ஏற்றினால் போதும் என்று, "வல்லாஹி, செப்பனு" என்றேன். இறைவன்மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்று. அரபும் தெலுங்கும் கலந்து சத்தியம் செய்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓட்டோ சாய்ந்தமருதைத் தாண்டிப் பறந்தது. மனைவி நடந்ததைச் சொன்னாள். ஓட்டோக்காரருக்கு விளங்கக்கூடாது என்பதற்காக அந்தப் பாஷையிலேயே சொன்னாள். இரகசியம் பேசும் கூட்டத்தில் இப்போது நானும் ஒருத்தி. இருந்த பதற்றத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை வந்ததை மறைக்கமாட்டேன்.

அவர்கள் சாகாமத்துக்கு அப்பால், மூதாதையர் காலத்திலிருந்து தெலுங்கு பேசிவரும் வனக்குறவர் ஊர் ஒன்றைச் சேர்ந்தவர்கள். அவருக்குப் பாம்பு பிடிப்பது பரம்பரையாக வந்த தொழில். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வயலில் பாம்பு கண்டால் ஆட்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்று விடியற்காலையும் அப்படித்தான் போயிருக்கிறார். பாம்பைத் தூக்கும்போது பெருவிரலில் கடித்துவிட்டது. சுற்றி நின்ற ஒருவரும் கவனிக்கவில்லை. அவரும் காட்டிக்கொள்ளவில்லை. பாம்பைச் சாக்கில் போட்டு, கையைச் சாரன் மடிப்புக்குள் மறைத்து, காட்டோரம் போய் அதை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறார். பாம்பு பிடிப்பவரே கடி வாங்கினார் என்று தெரிந்தால் இனி எந்த வயல்காரர் கூப்பிடுவார்? அவருடைய தகப்பன் கடைசிவரை ஒரு கடிகூட வாங்காதவராம். வேரை அரைத்துக் கட்டிப் பார்த்தார்கள். வீக்கம் முழங்கைவரை ஏறியது. அக்கரைப்பற்று ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் இருக்கும் என்று அதையும் தாண்டிக் கல்முனைக்கு வந்திருக்கிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆஸ்பத்திரியைக் கடந்து போக எவ்வளவு மானம் வேண்டும் பாருங்கள்.

"புள்ளைகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியாது என்றாள். காலையில் பிள்ளைகளுக்கு முன்னால்தான் இருவரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷை விளங்காது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள் என்று சொல்லிக்கொடுப்பதையே நிறுத்திவிட்டார்களாம். இப்போது ஊரில் வயது வந்தவர்கள்தான் பேசுகிறார்கள், அதுவும் பிள்ளைகளிடம் எதையாவது மறைக்கவேண்டும் என்றால். தகப்பனைப் பாம்பு கடித்தது தெரியாமல் அவர்கள் பை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

எனக்கு அப்போதுதான் எங்கள் வீட்டு வாசல் கேற் நினைவுக்கு வந்தது. கைரேகை பார்க்க வரும் இந்த மக்களை "எங்களுக்கு இதெல்லாம் ஹராம், போங்க, போங்க" என்று நானே எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறேன். கைரேகை பார்க்காமல் விட்டது சரிதான். ஒரு கிளாஸ் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேனா? திரும்பிப் போகும்போது தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளாவது காது கொடுத்தேனா? குவைத்துக்குப் போய்ப் படித்த பாஷை என் கேற்றடிக்கே வந்து போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். துவாயை அவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"ஆணி குத்தினது, டொக்டர்" என்றார் அவர்.

"ஆணிக்கு இவ்வளவு வீங்காதே. வேற என்னவும் கடிச்சதா?"

"இல்ல. ஆணிதான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். வரிசையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். என் வாயில் சத்தியம் கிடந்து எரிந்தது. எந்த இடத்திலும் மூடாத வாய், திறக்கவேண்டிய அந்த இடத்தில் மூடிக்கிடந்தது. யா அல்லாஹ், என்ன செய்வேன்?

டொக்டரிடம் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தேன்? கடி வாங்கியவரிடமே பேச யார் தடுத்தது? அந்த மனிதரின் முகத்துக்கு நேரே குனிந்து, தெலுங்கில் பேசினேன். என் குவைத் குசினிச் சிநேகிதியின் தம்பியைப் பற்றிச் சொன்னேன். கடலைத் தோட்டத்தில் பாம்பு கடித்து, அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, முள் குத்தியது என்று சொல்லிவிட்டுப் படுத்தவன், பிறகு எழும்பவே இல்லை. குவைத்தில் நாங்கள் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது. அவள் வேறு ஒன்றுமே சொல்லவில்லை. பாமு கரிச்சிந்தி, பாமு கரிச்சிந்தி என்று அதையே சொல்லிச் சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் கையிலும் மீன் செதிள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இந்த இரண்டு சொல்லையும் நான் அன்றைக்குத்தான் படித்தேன். உன் மனைவியும் அப்படிச் சொல்லி அழவேண்டுமா?" என்று கேட்டேன். எத்தனை பிழை விட்டேனோ, எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தக் குசினிச் சொல்லைப் போட்டேனோ தெரியாது. டொக்டரும் நேர்ஸும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

அவர் தலையைக் குனிந்தார். அப்போது மனைவி அவருடைய தோளில் கை வைத்து, குசுகுசுக்காமல், எல்லாருக்கும் கேட்க ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"செப்பு."

சொல்லு என்று.

"டொக்டர்," என்றார் அவர். "ஆணி இல்ல. புடையன். காலையில ஆறு மணி போல. நான்தான் புடிச்ச."

கண்ணாடி விரியனைத்தான் எங்கள் பக்கம் புடையன் என்போம். டொக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து அசையாமல் வைத்தார்கள். இருபது நிமிடத்தில் உறையவேண்டுமாம். நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் முடிந்ததும் டொக்டர் குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

பின்னேரம் டொக்டர் வெளியில் வந்து, "இப்ப பயமில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அங்க என்ன பாஷை கதைச்சீங்க? என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். நான் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். சத்தியம் சத்தியம்தானே. அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் மூலையில் போய் நின்று ஆசை தீர அழுதேன்.

மூன்றாம் நாள் என் கணவரோடு அந்தப் பாம்பு பிடிப்பவரைப் பார்க்கப் போனேன். கையில் அதே தயிர்ச் சட்டி. அந்த நல்ல கொண்டக்டர் கல்முனை பஸ் நிலையத்தில் பத்திரமாகக் கொடுத்து வைத்திருந்தார், ஒரு கீறல்கூட இல்லை. கடி வாங்கியவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடியத் தொடங்கியிருந்தது. பெருவிரல் கொஞ்சம் மரத்துத்தான் இருக்குமாம். பக்கத்தில் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க மகள்.

நான் அந்தப் பாஷையில் நலம் விசாரித்தேன். மகள் என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, இவங்களுக்கு எப்பிடி எங்கட பாஷை தெரியும்?"

"வெளிநாட்டுல படிச்சவங்க."

"வெளி ஆளுக்குத் தெரியுது. எனக்கு ஏன் நீங்க சொல்லித் தரல்ல?"

தாய் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சமாளிப்பதற்காகப் போனை எடுத்து ஆந்திராவில் இருக்கும் என் சிநேகிதிக்கு வீடியோ கோல் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் அங்கே கூச்சல் போட்டாள். போனைத் தாயிடம் கொடுத்தேன். முதலில் பழக்கத்தில் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினாள். கடல் தாண்டி இந்தப் பாஷை பேசுகிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாளாம், கண்ணால் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கை இறங்கியது. குரல் ஏறியது. வார்ட்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவள் அந்தப் பாஷையில் விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் தாய் இப்படிச் சத்தமாகப் பேசி அவள் பார்த்ததே இல்லை போலிருந்தது.

கடைசியில் அவர் போனை வாங்கினார். தம்பியைப் பற்றிக் கேட்டார். சிநேகிதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "என் தம்பி சொல்லாததை நீங்கள் சொன்னீர்கள் அண்ணா. அது போதும்."

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாம எழுதுங்க ராத்தா" என்றார். வயல்காரர்கள் இப்போதும் அவரைக் கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் ஒரு நீளக் கம்பி கொண்டுபோகிறாராம்.

மகள் வெள்ளிக்கிழமைகளில் தாயின் போனில் எனக்குக் கோல் எடுப்பாள். அந்தக் கிழமை படித்த ஒரு சொல்லைச் சொல்லிக் காட்டுவாள். பிழை என்றால், பின்னாலிருந்து தாய் சத்தமாகத் திருத்துவது கேட்கும். பிள்ளையிடம் மறைக்க மட்டும் வைத்திருந்த பாஷையில் இன்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அதைக் கேட்கும்போது, அன்று பஸ்ஸில் கத்தியதற்கு வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் எங்கள் கேற் திறக்கும் சத்தம் கேட்டால், யார் என்று பார்ப்பதற்கு முன்பே "வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.